கோலியைத் திட்டுமுன் வீடியோவைப் பத்து விநாடி பின்னால் ஓட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கல்லூரி அணிகளின் கால்பந்து ஆட்டங்கள் நடக்கிற மாதங்களில் நம் மாவட்டத்து வாட்ஸ்அப் குழுக்களுக்குத் திட்டுவதற்கென்றே யாராவது ஒரு பையன் கிடைத்துவிடுகிறான். இந்த முறை கிடைத்திருப்பவன் ஒரு கோல்கீப்பர். இரண்டாம் ஆண்டு மாணவன். பெயரும் கல்லூரியும் இங்கே வேண்டாம்; தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவன் கையிலிருந்து பந்து நழுவி வலைக்குள் போகிற பதினொரு விநாடி வீடியோ நீரோடியிலிருந்து மணக்குடி வரை சுற்றிவிட்டது. 'ஓட்ட வலை' என்று பட்டமும் வைத்தாயிற்று. "கையில எண்ண தேச்சிட்டா லே நிக்க?" என்று கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து ஒருவர் கத்துவதும் அதே வீடியோவில் பதிவாகியிருக்கிறது. (நம் கரையில் கோல்கீப்பருக்குக் கோலி என்றுதான் பெயர். கிரிக்கெட் ரசிகர்கள் குழம்ப வேண்டாம்.)

அந்தப் பையன் மேல் தவறே இல்லை என்று வாதாட இதை எழுதவில்லை. தவறு இருக்கிறது, எது என்றும் சொல்கிறேன். ஆனால் திட்டுகிறவர்கள் பிடித்துக்கொண்டிருக்கிற தவறு வேறு, ஆட்டத்தில் நடந்த தவறு வேறு. அதற்கும் மேலாக, இப்போது விழுகிற வசவே அடுத்த ஆட்டத்தில் அவனை இன்னும் இரண்டு கோல் விடவைக்கும். இது மனசு சம்பந்தப்பட்ட பேச்சு மட்டுமில்லை. டேப் வைத்து அளந்தே காட்டலாம்.

கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பெனால்டி புள்ளி 11 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அங்கே பந்தை வைத்துக்கொண்டு இரண்டு கம்பங்களின் அடியிலிருந்தும் பந்துவரை ஆளுக்கொரு கயிறு கட்டுங்கள். வலைக் கயிறு நம் வீடுகளில் இல்லாமலா போகும்? இப்போது கோலியைக் கோட்டின் மேல் நிற்கச் சொல்லுங்கள். அவனுக்கு முன்னால் கயிற்றுக்கும் கயிற்றுக்கும் நடுவே 7.32 மீட்டர் திறந்து கிடக்கும். அப்படியே மூன்று மீட்டர் முன்னால் வரச் சொல்லுங்கள். அந்த இடத்தில் இரண்டு கயிறுகளுக்கும் இடைவெளி 5.32 மீட்டர்தான். மூன்று எட்டு வைத்ததில் இரண்டு மீட்டர் கோலை மூடிவிட்டான். ஒரு பக்கத்துக்கு ஒரு மீட்டர், அதாவது நீட்டிய கையின் நீளத்துக்கும் கூடுதல்.

கோலிக்கு இருக்கிற முக்கால்வாசி வேலை இந்த மூன்று எட்டுதான். பாய்ந்து பிடிப்பது கண்ணுக்கு அழகு. சரியான இடத்தில் நின்றவனுக்குப் பல நேரம் பாயவே தேவைப்படாது. ஆனால் முன்னால் வருவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். வந்தபிறகு பந்து தலைக்கு மேல் போனால் "எதுக்குலே வெளிய வந்த?" என்று நூறு பேர் கேட்பார்கள். கோட்டிலேயே நின்று கோல் வாங்கினால் "நல்ல ஷாட், அவன் என்ன செய்வான்" என்று விட்டுவிடுவார்கள். இரண்டு ஆட்டம் வசவு வாங்கிய கோலி இந்தக் கணக்கைப் போட்டுவிடுகிறான். கால் தானாகப் பின்னால் போகும். கோட்டில் ஒட்டிக்கொள்வான். அந்த இரண்டு மீட்டர் மறுபடி திறந்துகொள்ளும். நாம் வாயால் திறந்துவிட்ட இரண்டு மீட்டர் அது.

இன்னொரு கணக்கு. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த பந்து ஒரு விநாடிக்கு 25 மீட்டர் போகும். பதினெட்டு மீட்டரிலிருந்து அடித்தால் கோலை அடைய 0.72 விநாடி. இதில் கண் பார்த்து, மூளை புரிந்து, கால் அசைய ஏறத்தாழ 0.2 விநாடி போய்விடும். நடுவில் நிற்பவன் கம்பத்து ஓரம்வரை பாய அரை விநாடிக்கு மேல் வேண்டும். ஆக, எல்லாம் சரியாக நடந்தால்தான் விரல் படும். அதே பந்து ஐந்து மீட்டருக்கு முன்னால் சொந்த டிஃபெண்டர் (தடுப்பாட்டக்காரன்) காலில் பட்டுத் திசை மாறினால் மீதி இருப்பது 0.2 விநாடி. கோலி புரிந்துகொள்ளும்போது பந்து வலைக்குள் இருக்கும். அந்த நிலையில் அவன் அசையாமல் நிற்பது வீடியோவில் சோம்பேறித்தனம் போலத் தெரியும். "பாயக்கூட இல்ல பாத்தியளா" என்று எழுதுகிறவர்கள் இந்த 0.2 விநாடியைத்தான் கேலி செய்கிறார்கள். பெனால்டி பற்றிப் பேசவே வேண்டாம்: பெரிய பெரிய போட்டிகளிலேயே நான்கில் மூன்று உள்ளே போய்விடும். பெனால்டி விட்ட கோலியைத் திட்டுகிறவர், பெனால்டி கொடுத்த டிஃபெண்டரை எங்கே விட்டார் என்று தெரியவில்லை.

இனி அந்த வீடியோ. பதினொரு விநாடியும் கோலி மேலேயே இருக்கிறது. ஆட்டத்தை முழுதாகப் படம் பிடித்தவர்களிடம் அதற்கு முந்தைய பகுதி உண்டு. அதில் கோல் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. நம் அணிக்குக் கிடைத்த த்ரோவை இடது விங் பேக் (இடது ஓரத்து டிஃபெண்டர்) அவசரமாக எறிகிறான்; வாங்க வேண்டியவன் எதிராளிக்கு முதுகைக் காட்டி நிற்கிறான்; பந்து பறிபோகிறது. த்ரோ எறிந்த விங் பேக் கோட்டோரத்திலேயே நின்றுவிட, அவன் விட்ட இடத்தை மூட ஸ்டாப்பர் (நடு டிஃபெண்டர்) ஓடுகிறான். ஸ்டாப்பர் விட்ட இடத்தை மூட யாரும் வரவில்லை. மூன்றே பாஸ். பாக்ஸின் (கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி கட்டத்தின்) ஓரத்தில் எதிரணி விங்கர் தனியாக, காலை நிதானமாகத் தூக்கி, தாழ்வாக அடிக்கிறான். அன்று மழை பெய்து விட்டிருந்த நேரம். பந்து கோலிக்கு ஒரு மீட்டர் முன்னால் தரையில் குத்தி, எழும்பாமல் வழுக்கிக்கொண்டு வருகிறது.

கரமடி (கரையில் நின்று இழுக்கிற பெரிய வலை) இழுப்பவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். இரண்டு பக்கக் கயிறும் ஒரே கதியில் வர வேண்டும். ஒரு பக்கத்து ஆட்கள் தளர்ந்தால் மீன் அந்தப் பக்கமாகத் திரும்பிப் போய்விடும். மடி எவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருந்தாலும் கரைக்கு வெறுமையாகத்தான் வரும். அப்போது யாரும் மடியை உதைப்பதில்லை. கயிற்றில் நின்றவர்களைத்தான் பார்ப்பார்கள். 'ஓட்ட வலை' என்று பட்டம் வைத்தவர் கடற்கரைக்காரராக இருக்க முடியாது என்பது என் சந்தேகம்.

கடைசி ஒரு மீட்டர் கோலியின் பொறுப்பு. அங்கே அவன் இரண்டு தவறு செய்தான். முதலாவது, நனைந்த தரையில் வழுக்கி வருகிற தாழ்ந்த பந்தைப் பிடிக்கப் போனது. உலர்ந்த நாளில் அது பிடிக்கிற பந்துதான். ஈரத்தில் அதைத் தட்டிவிட வேண்டும். அதுவும் முன்னால் அல்ல, பக்கவாட்டில், கோடு தாண்டி எதிரணிக்குக் கார்னர் (மூலையிலிருந்து அடிக்கும் உதை) போனாலும் பரவாயில்லை. இரண்டாவது, கைக்குப் பின்னால் உடம்பைக் கொண்டுவராதது. தாழ்ந்த பந்துக்கு ஒரு முழங்காலை மடக்கி மறு காலின் குதிங்கால் பக்கத்தில் கொண்டுவந்து இடைவெளியை அடைத்துவிட்டுத்தான் கையைத் தரையில் வைக்க வேண்டும். உள்ளங்கை பந்தைப் பார்க்க, சுண்டுவிரல்கள் ஒன்றையொன்று தொட்டிருக்க வேண்டும். கையில் நழுவினாலும் பந்து காலில் முட்டி நிற்கும். அவன் கால் இரண்டும் அகன்று இருந்தன. பந்து கையில் பட்டு அந்த வாசல் வழியாகப் போயிற்று. இதைச் சொல்லித் திட்டுங்கள். அவனுக்கும் பயன்படும்.

கையுறை பற்றியும் ஒரு வார்த்தை. கோலி கையுறையின் உள்ளங்கையில் இருப்பது லேடெக்ஸ் நுரை. ஈரமாக இருந்தால்தான் அது ஒட்டும், உலர்ந்து மண் படிந்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும். புதுசு வாங்கியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தடவை அலசித்தான் போட வேண்டும். ஆட்டத்துக்கு முன் உள்ளங்கையை லேசாக நனைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் முடிந்ததும் சோப்புத் தூள் போடாமல் அலசி, முறுக்கிப் பிழியாமல் அழுத்தித் தண்ணீரை எடுத்து, நிழலில் காயவைக்க வேண்டும். நம் பையன்கள் செய்வது என்ன? வியர்வையோடு பையில் திணித்து இரண்டு நாள் வைப்பார்கள், பிறகு வெயிலில் பைக் கைப்பிடியில் தொங்கவிடுவார்கள். லேடெக்ஸ் பொரிந்து உதிரும். போதாக்குறைக்கு நம் மைதானங்களில் பாதி செம்மண், சரளை, கடலோரத்தில் மணல். ஒவ்வொரு விழுதலும் உள்ளங்கையை உரசித் தேய்க்கும். பயிற்சிக்கு ஒரு ஜோடி, ஆட்டத்துக்கு ஒரு ஜோடி என்று வைத்திருக்கிற கல்லூரிக் கோலி நம் மாவட்டத்தில் அபூர்வம். ஒரே ஜோடியில் பருவம் முழுவதும் ஓட்டுகிறவனிடம் தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் இரண்டுமே பெய்கிற ஊரில் "கையில் எண்ணெயா" என்று கேட்டால், கிட்டத்தட்ட ஆமாம் என்பதுதான் பதில்.

பந்தும் ஒரு காரணம். ஐந்தாம் நம்பர் பந்தின் எடை ஆட்டத் தொடக்கத்தில் 410 முதல் 450 கிராம். காற்றழுத்தம் விதிப்படி 0.6 முதல் 1.1 அட்மாஸ்பியர் வரை. பந்தின் வால்வு பக்கத்திலேயே எவ்வளவு அடிக்கலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலான மைதானங்களில் அளவு காட்டும் பம்ப் கிடையாது. கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பதுதான் அளவு. கல்லாகக் காற்றடித்த பந்து உள்ளங்கையில் பட்டுத் தெறிக்கும், பிடிபடாது. தையல் விட்டுப்போன பழைய பந்து தண்ணீர் குடித்துக் கனக்கும். அளவுமானி உள்ள கைப்பம்ப் ஒன்று வாங்கிவைக்க அணி நிர்வாகங்களுக்குப் பெரிய செலவாகாது.

அடுத்து காற்றும் வெயிலும். நம் கடலோர மைதானங்களில் மாலை ஆட்டம் என்றால் கடற்காற்று இருக்கும். கார்னரிலிருந்து வருகிற பந்து காற்றோடு வந்தால் எதிர்பார்த்த இடத்தைத் தாண்டிக் கோலை நோக்கி வளையும்; காற்றுக்கு எதிராக வந்தால் நடுவில் தொங்கி, சட்டென்று கீழே விழும். காற்றோடு வரும் கிராஸுக்கு (ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னால் தூக்கி அடிக்கும் பந்துக்கு) கோலி அரை எட்டு பின்னால் நின்று, பிடிக்கப் பார்க்காமல் இரண்டு முஷ்டியாலும் குத்த வேண்டும். எதிர்க்காற்றில் அவசரப்படாமல் ஒரு கணம் தாமதித்து ஓட வேண்டும். ஐந்தரை மணிக்கு மேற்கே பார்த்து நிற்கிற கோலிக்கு உயரப் பந்து வெயிலுக்குள் மறைந்துவிடும். கோலி தொப்பி போட்டுக்கொள்ளக் கால்பந்து விதி 4 அனுமதிக்கிறது, போட்டவனைப் பார்ப்பதுதான் அரிது. டாஸ் ஜெயித்த கேப்டன் எந்தப் பக்கம் கோல் என்றும் கேட்கலாம், கிக்காஃப் வேண்டும் என்றும் கேட்கலாம். 2019இல் மாறிய விதி இது. இன்னமும் யோசிக்காமல் கிக்காஃப் கேட்டுவிட்டு, இரண்டாம் பாதியில் கோலியை வெயிலுக்கு முன்னால் நிறுத்துகிற கேப்டன்கள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் திட்டுவதில்லை.

இப்போது ரசிகர்கள் நிற்கிற இடத்துக்கு வருகிறேன். கார்னரோ கிராஸோ வரும்போது கோலி கொடுக்கிற குரல்தான் பாக்ஸுக்குள் போக்குவரத்துப் போலீஸ். தான் வருவதானால் "கீப்பர்!" என்று கத்துவான், டிஃபெண்டர்கள் விலகி எதிராளியை மறிப்பார்கள். வரவில்லை என்றால் "அவே!" என்பான், டிஃபெண்டர் தலையால் வெளியே அடிப்பான். இந்த ஒரு சொல் காதில் விழாவிட்டால் டிஃபெண்டரும் கோலியும் ஒரே பந்துக்கு எழும்பி மோதிக்கொள்வார்கள், அல்லது இரண்டு பேருமே 'நீ எடு' என்று விட்டுவிடுவார்கள். நம் மைதானங்களில் கோல் வலைக்குப் பின்னால், வலையைத் தொடும் தூரத்தில், ஐம்பது பேர் நிற்கிறோம். நாலு பேர் விசில், இரண்டு பேர் செண்டை. சொந்தக் கோலியின் குரலை மூழ்கடித்துவிட்டு, "ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா" என்று நாமே கேட்கிறோம்.

கார்னர் சமயத்தில் இன்னொரு தப்பான நம்பிக்கையும் மைதானத்தில் ஓடுகிறது: கோலுக்கு முன்னால் உள்ள 5.5 மீட்டர் கட்டத்துக்குள் கோலியை யாரும் தொடவே கூடாது, அதனால் அங்கே விழும் பந்தெல்லாம் அவனுடையது என்று. விதியில் அப்படி எதுவும் இல்லை. தள்ளினால், பிடித்தால், மறித்தால் எங்கே என்றாலும் ஃபவுல்; நியாயமாகத் தோளோடு தோள் எழும்பினால் அங்கேயும் ஃபவுல் இல்லை. ஆறேழு பேர் அடைத்துக்கொண்டு நிற்கிற இடத்தில் கோலி வெளியே வராமல் இருப்பதுதான் சில நேரம் சரி.

பந்தைக் கையில் பிடித்த பிறகும் தொல்லை. "அடி லே, அடி" என்று கத்தியே பையனை நெடுக அடிக்க வைக்கிறோம். அந்த நெடும்பந்தில் பாதி எதிரணிக்குத்தான் போகிறது, முப்பது விநாடியில் திரும்பி வருகிறது. 2025 ஜூலை முதல் வந்த விதிப்படி கோலி பந்தைக் கையில் எட்டு விநாடி வைத்திருக்கலாம். அதைத் தாண்டினால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து விநாடியை ரெஃபரி கையை உயர்த்தி விரல்விட்டு எண்ணிக் காட்டுவார். எட்டு விநாடி என்பது நிமிர்ந்து பார்த்து, விங் பேக் இறங்கும்வரை பொறுத்து, உருட்டிவிடத் தாராளமான நேரம். ரெஃபரி எண்ணட்டும், நாம் எண்ண வேண்டாம்.

தூத்தூர் வட்டார ஊர்களிலும் குளச்சல் பக்கமும் கோலிகள் எங்கே வளர்கிறார்கள் என்று பார்த்தால், ஊர்த் திருவிழா செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) ஆட்டங்களில்தான். செவன்ஸ் நல்ல பள்ளிக்கூடம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வரை போனது இந்தக் கரையில் பந்து தட்டித்தான். ஆனால் கோலிக்கு மட்டும் செவன்ஸில் ஒரு விபரீதம் இருக்கிறது. கோல் சிறியது, மைதானம் சிறியது, பெரும்பாலும் ஆஃப்சைட் கிடையாது. எப்போது வேண்டுமானாலும் யாரும் கிட்ட வந்து அடிக்கலாம் என்பதால் கோட்டிலேயே நின்று கையாலும் காலாலும் தடுக்கிற பழக்கம் வந்துவிடும். அதே பையன் பதினொரு பேர் ஆட்டத்தில் நின்றால், டிஃபென்ஸ் முன்னேறும்போது தானும் பாக்ஸ் விளிம்புவரை ஏறி நிற்க வேண்டும் என்பது கால்களுக்குத் தெரியாது. முன்னால் ஏற்படுகிற முப்பது மீட்டர் வெட்டவெளியில் எதிரணிக்காரன் பந்தைத் தள்ளிவிட்டு ஓடுவான். மேலும், திருவிழாக் காலத்தில் இரவு பதினொரு மணிக்கு ஃப்ளட் லைட்டில் செவன்ஸ் ஆடி, மறுநாள் பிற்பகல் கல்லூரி அணிக்கு இறங்குகிறவர்களும் உண்டு. கண் எரிச்சலோடு 0.2 விநாடியில் பந்தைப் பார் என்றால் எப்படி?

பயிற்சிக்கு வருவோம். ஒரு கல்லூரியில் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு உடற்கல்வி இயக்குநர். அவர் ஹாக்கியையும் பார்க்க வேண்டும், தடகளத்தையும் பார்க்க வேண்டும். கோலிக்கென்று தனிப் பயிற்சியாளர் இருப்பதில்லை. ஆகவே கோலிப் பயிற்சி என்ற பெயரில் நடப்பது: கடைசி இருபது நிமிடம் ஃபார்வர்டுகள் வரிசையில் நின்று ஆளுக்கு ஆள் ஓங்கி அடிப்பார்கள், கோலி சுவராக நிற்பான். அது ஃபார்வர்டுகளுக்கான பயிற்சி. கோலி கற்றுக்கொள்வது பந்துக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான்.

வாரம் மூன்று நாள், தொடக்கத்திலேயே இருபத்தைந்து நிமிடம், ஒரு சக ஆட்டக்காரனும் ஆறு பந்தும் போதும். முதல் ஐந்து நிமிடம் ஐந்தாறு மீட்டரிலிருந்து கையால் எறிந்த பந்துகள்: மார்புக்கு மேல் வந்தால் கட்டைவிரல்கள் நெருங்கிப் பந்துக்குப் பின்னால், இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டுவிரல்கள் நெருங்கி அடியில். அடுத்து கால் வேலை: கம்பத்திலிருந்து கம்பத்துக்குப் பக்கவாட்டில், கால் குறுக்கே போகாமல் நகர்ந்து, அடிக்கும் கணத்தில் இரண்டு காலும் தரையில் ஊன்றி நிற்பது. நம் பையன்களின் பெரிய குறை இதுதான். அடிக்கும்போது ஒரு கால் காற்றில் இருக்கும், எடை குதிங்காலில் இருக்கும். பிறகு தாழ்வான பாய்ச்சல், ஒரு பக்கத்துக்கு ஆறு, நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு. மணலில் விழுந்து பழகலாம். கடற்கரை நமக்கு இலவசமாகக் கிடைத்த மெத்தை. விழும்போது முழங்கையில் இறங்காமல் தொடை, இடுப்பு, தோளின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும் பத்துப் பத்து கிராஸ், கட்டாயம் வாய்விட்டுக் கத்தி. மீதி நேரம் காலால் பாஸ் கொடுப்பது. டிஃபெண்டர் வேண்டுமென்றே காலால் கொடுத்த பந்தைக் கையால் எடுக்க முடியாது என்று விதி வந்து 1992 முதல் முப்பது வருடத்துக்கு மேலாகிறது. இன்னும் கோலியின் காலுக்குப் பயிற்சி இல்லை.

தலையில் அடிபடுவதை இங்கே விட்டுவிடக் கூடாது. 2018 மே 26 அன்று கீவ் நகரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் லிவர்பூல் கோலி லோரிஸ் காரியஸ் இரண்டு அபத்தமான கோல் வாங்கினார். எறிந்த பந்து எதிரணியான ரியல் மாட்ரிட்டின் பென்ஸிமா காலில் பட்டு உள்ளே போனது ஒன்று. அதே அணியின் பேல் தொலைவிலிருந்து அடித்தது கையிலிருந்து நழுவியது மற்றொன்று. உலகமே சிரித்தது, கொலை மிரட்டல்கூடப் போயிற்று. முதல் கோலுக்குச் சற்று முன்னால் ரியல் மாட்ரிட் டிஃபெண்டரின் முழங்கை அவர் தலையில் பட்டிருந்தது. சில நாள் கழித்துப் பாஸ்டன் மருத்துவர்கள் பரிசோதித்து மூளை அதிர்ச்சி என்று சொன்னார்கள். அது ஆட்டத்தைப் பாதித்திருக்கக்கூடும் என்றார்கள். நம் ஊரில் கோலி மோதி விழுந்தால் ஐஸ் தண்ணீர் ஊற்றி, முதுகில் தட்டி எழுப்பி நிறுத்துகிறோம். கண் நிலைகுத்தி நிற்பது, ஸ்கோர் என்ன என்று இரண்டு தடவை கேட்பது, வாந்தி, தள்ளாட்டம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு அவன் ஆடக் கூடாது. மாற்று ஆளை இறக்குங்கள். மோதிய பிறகு வாங்கின கோலை வைத்து மீம் போடுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

ஒரு கோலை ஒரே ஆளின் தலையில் கட்டுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பிரேசில் கோலி மொவாசிர் பார்போசாவைவிடக் கசப்பான சாட்சி இல்லை. 1950 ஜூலை 16, மரக்கானா மைதானம். டிரா செய்தாலே பிரேசிலுக்கு உலகக் கோப்பை. உருகுவே வலது விங்கர் கிஜ்ஜா முதல் கோலுக்கு உள்ளே கிராஸ் கொடுத்தார், ஸ்கியாஃபினோ அடித்தார். 79ஆவது நிமிடம் அதே கிஜ்ஜா அதே பக்கமாக அதே இடது பேக்கைத் தாண்டி வந்தார். மறுபடி கிராஸ்தான் என்று கணித்துப் பார்போசா கம்பத்தை விட்டுச் சிறிது விலகினார். கிஜ்ஜா கம்பத்தோரமாகவே அடித்துவிட்டார். 2-1. கம்பத்தோரக் கோல் என்பதால் முழுப் பழியும் கோலிக்கு. ஒரே ஆள் இரண்டு தடவை அதே பக்கம் எப்படி வந்தான் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. 2000ஆம் ஆண்டு சாகும்வரை, ஐம்பது வருடம், அந்த ஒரு கோலோடு அவர் வாழ்ந்தார்.

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடுகிற முட்டைப் பந்து ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் என்றொரு இடம். பந்து அவன் கைக்கு வந்துதான் போகும், ஆகவே தோற்றால் அவன்தான் குற்றவாளி. அவனுக்கு முன்னால் மதில் மாதிரி ஐந்து பேர் நின்று எதிராளியை மறிக்க வேண்டும்; மதில் சரிந்தால் அவன் பந்தோடு கீழே விழுவான், அரங்கம் அவனைத்தான் ஏசும். அங்கே சில பல்கலைக்கழக அரங்கங்களில் லட்சம் பேர் உட்காருகிறார்கள். அந்த மாணவன் 2021 முதல் தன் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம், அவன் இடத்துக்கென்றே சம்பளம் வாங்கும் பயிற்சியாளர் இருக்கிறார். நம் பையனுக்குக் கிடைப்பது வருகைப் பதிவில் சலுகையும் ஆட்டத்தன்று பரோட்டாவும். ஏச்சு மட்டும் இரண்டு ஊரிலும் ஒரே அளவு.

விமர்சிக்கக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. கைதட்ட வந்தவனுக்கு முணுமுணுக்கவும் உரிமை உண்டு. ஆனால் ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது அவன் அம்மாவும், ஊரும், சாதியும், சபையும் எதற்கு? ஃபர்ஸ்ட் போஸ்டில் (பந்து வருகிற பக்கத்துக் கம்பத்தில்) ஆளில்லை என்று எழுதுங்கள். ஸ்டாப்பர் ஏறியபோது விங் பேக் உள்ளே வரவில்லை என்று எழுதுங்கள். கோலி கால் அகன்று நின்றான் என்று எழுதுங்கள். இவன் வேண்டாம், இரண்டாவது கோலியை இறக்குங்கள் என்றுகூட எழுதலாம்; அது அணித் தேர்வு பற்றிய பேச்சு, பயிற்சியாளர் பதில் சொல்லட்டும். ஆனால் இரண்டாவது கோலி என்று ஒருவன் இருக்கிறானா என்று முதலில் விசாரியுங்கள். பல அணிகளில் பதினெட்டுப் பேர் பட்டியலில் கையுறை உள்ளவன் ஒருவன்தான்.

வீடியோ எடுக்கிற தம்பிமாருக்குத் தனியாக ஒன்று. கோலுக்குப் பின்னாலிருந்து எடுக்காதீர்கள். அந்தக் கோணத்தில் தூரம் சுருங்கித் தெரியும். பதினெட்டு மீட்டர் ஷாட் எட்டு மீட்டர் மாதிரி இருக்கும், கோலி முன்னால் நின்றானா பின்னால் நின்றானா என்பதும் தெரியாது. நடுக்கோட்டுக்கு நேராக, கொஞ்சம் உயரத்தில், படிக்கட்டோ வேன் கூரையோ ஏதாவது ஒன்றில் ஏறி நின்று எடுங்கள். பகிர்வதானால் கோலுக்குப் பத்து விநாடி முன்னாலிருந்து வெட்டிப் பகிருங்கள். அந்தப் பத்து விநாடியில் எட்டுப் பேராவது திரையில் வருவார்கள்.

போட்டி நடத்துகிறவர்கள் செய்ய வேண்டியது இரண்டே காரியம். கோல் கோட்டுக்குப் பின்னால் குறைந்தது மூன்று மீட்டர் விட்டுக் கயிறு கட்டி, செண்டையையும் விசிலையும் பக்கக் கோட்டுக்கு அனுப்புங்கள். கோல் வாய்க்கு முன்னால் குழிந்துபோன இடத்தில் ஆட்டத்துக்கு முந்தின நாளே மண் போட்டு, தண்ணீர் தெளித்து, தட்டிச் சமமாக்குங்கள். கோலி நின்று நின்று அந்த இடம் உள்ளங்கை ஆழம் பள்ளமாகியிருக்கும். மழையில் தண்ணீர் தேங்கும். தாழ்ந்த பந்து அதில் குத்தி எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் பந்து வழுக்கிய இடமும் அதுதான்.

இப்படிக்கு,
கோல்கீப்பர் பயிற்சியில் ஈடுபட்டுள்ள வாசகர்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.